நூறு சதவீதத் தேர்ச்சி வந்தாச்சு. ஊருக்கு என்ன அறிக்கை கொடுப்பது?

சேர்வராயன்_பெற்றோர் எழுதியது:

வணக்கம். ஏற்காடு டவுனிலிருந்து உள்ளே தள்ளி இருக்கும் ஓர் அரசு உயர்நிலைப் பள்ளியில் என் மகள் ஒன்பதாவது படிக்கிறாள். பள்ளி மேலாண்மைக் குழுவில் பெற்றோர் உறுப்பினராக இருக்கிறேன். பள்ளிப் பெயர் வேண்டாம். போட்டால் பேச்சு முழுக்க அந்தப் பெயரைச் சுற்றியே போய்விடும்.

இந்த வருஷம் பத்தாவது எழுதிய எல்லோரும் பாஸ். ஃபிளெக்ஸ் கட்டிவிட்டார்கள், பஞ்சாயத்தில் லட்டு கொடுத்தார்கள். ஆசிரியர்கள் உழைத்ததை நான் கண்ணால் பார்த்தவன். சேலத்திலிருந்து தினமும் இருபது கொண்டை ஊசி வளைவு ஏறி வந்து, சாயங்காலம் ஸ்பெஷல் கிளாஸ் முடித்து, கடைசி பஸ்ஸுக்கு ஓடுகிறவர்கள் அவர்கள். அதனால் இது குறை சொல்லும் பதிவு இல்லை.

விஷயம் என்னவென்றால், ஆண்டு விழாவில் வாசித்த ஆண்டறிக்கை. சிறப்பு விருந்தினர்கள் பட்டியல், கலைத் திருவிழாவில் வட்டார அளவில் வாங்கிய பரிசு, மரக்கன்று நட்டது, ஜே.ஆர்.சி. (ஜூனியர் ரெட் கிராஸ்) முகாம், போதை ஒழிப்புப் பேரணி, கடைசியில் தேர்ச்சி சதவீதம். எல்லாரும் கை தட்டினோம். என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மாவின் மூத்த பையன் எட்டாவதோடு நின்றவன். "இதுல எங்க பையன் எங்கண்ணா வர்றான்?" என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை.

அதைத் தலைமையாசிரியரிடம் சொன்னேன். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. "மேலாண்மைக் குழு சார்பில் ஊருக்கு ஒரு பக்க அறிக்கை தயார் பண்ணுங்க, வேண்டிய கணக்கை நான் எடுத்துத் தர்றேன்" என்றார். அதில் என்னென்ன இருக்க வேண்டும்? பள்ளிக்கூடத்தில் வேலை பார்த்தவர்கள், பிள்ளைகளை அரசுப் பள்ளிக்கு அனுப்புகிறவர்கள் சொல்லுங்கள்.

---

நாகலூர்க்காரன் எழுதியது:

முதல்ல வாழ்த்துகள். மலை மேல ஒரு ஹைஸ்கூல்ல எல்லாரும் பாஸ் ஆகிறது லேசுப்பட்ட காரியம் இல்லீங்க. நாங்க படிச்ச காலத்துல கிளாஸ்ல பாதிப் பேர் ஃபெயில். அதையும் அறிக்கையில பெருசாப் போடுங்க, தப்பில்ல.

---

ஓய்வு_ஹெச்எம்_சேலம் எழுதியது:

நல்ல கேள்வி. நான் சேலம் மாவட்டத்தில், மலையிலும் கீழேயும் தலைமையாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். விரிவாகவே எழுதுகிறேன்.

தேர்ச்சி சதவீதம் எப்படி வருகிறது என்று பாருங்கள். 2025-ல் தமிழகம் முழுக்கப் பத்தாவது எழுதியவர்கள் 8,71,239 பேர், தேர்ச்சி 8,17,261, சதவீதம் 93.80. அதற்கு முந்தைய வருஷம் 91.55. இரண்டிலும் வகுக்கும் எண், தேர்வு எழுதியவர்களின் எண். எழுத வராதவன் அந்தக் கணக்கில் மேலேயும் இல்லை, கீழேயும் இல்லை. 2023 மார்ச்சில் பிளஸ் டூ தமிழ்த் தேர்வன்று ஏறத்தாழ 50,000 பேர் ஆப்சென்ட் என்று செய்தி வந்தபோது எல்லாரும் அதிர்ந்தோம். ஆனால் சதவீதம் வழக்கம்போல 90-க்கு மேலேதான் வந்தது.

ஒரு பேச்சுக்கு, ஆறாவதில் 40 பேர் சேர்ந்தார்கள், பத்தாவதில் 30 பேர் எழுதினார்கள், 30 பேரும் பாஸ் என்று வைத்துக்கொள்வோம். ஃபிளெக்ஸில் 100. ஊரின் கணக்குப்படி 75. இதில் அவசரப்பட்டு 25 சதவீதம் போச்சு என்றும் சொல்லக்கூடாது. அந்தப் பத்துப் பேரில் சிலர் டி.சி. வாங்கிக்கொண்டு உண்டு உறைவிடப் பள்ளிக்கோ கீழே விடுதிக்கோ போயிருப்பார்கள். அவர்கள் படித்துக்கொண்டுதான் இருக்கிறார்கள். டி.சி.யும் வாங்காமல், வரவும் இல்லாமல் நின்றவன்தான் நாம் தேட வேண்டியவன்.

இந்தக் கணக்கு எடுக்கப் பெரிய ஆராய்ச்சி வேண்டாம். பள்ளியில் சேர்க்கைப் பதிவேடு இருக்கிறது. ஐந்து வருஷத்துக்கு முன் ஆறாவதில் சேர்ந்த பெயர்களை வரிசையாக எழுதுங்கள். நடுவில் வந்து சேர்ந்தவர்களைத் தனியாக எழுதுங்கள். டி.சி. புத்தகத்தின் அடிக்கட்டையைப் பக்கத்தில் வைத்து, போனவர்களை டிக் அடியுங்கள். பத்தாவது நாமினல் ரோலில், அதாவது தேர்வு எழுதுவோர் பட்டியலில், இருப்பவர்களை டிக் அடியுங்கள். டிக் விழாமல் நிற்கும் பெயர்கள்தான் உங்கள் அறிக்கையின் முதல் வரி. எமிஸ் என்கிற அரசின் மாணவர் இணையப் பதிவில், வேறு பள்ளியில் சேராமல் காமன் பூலில் கிடக்கும் பெயர்களையும் ஹெச்.எம். பார்த்துச் சொல்ல முடியும். ஒரு மத்தியான வேலை.

2017-ல் மாநில, மாவட்ட ரேங்க் அறிவிப்பதை நிறுத்தினார்கள். நல்ல முடிவு, பிள்ளைகளுக்கு நிம்மதி. ஆனால் அதற்குப் பிறகு பேச்செல்லாம் சதவீதமாகவே ஆகிவிட்டது.

---

கணக்கு_டீச்சர் எழுதியது:

ஹெச்.எம். சார் சொல்வது எல்லாம் சரி. இப்போது வேலையில் இருக்கிற ஆசிரியை என்ற முறையில் ஒன்று சொல்ல வேண்டும்.

ஒரு எண்ணை வெளியே கொடுத்தால் அது யார் கைக்குப் போகிறது என்பதுதான் எங்கள் பயம். ஊருக்காக எழுதுகிற எண்ணை நாளைக்கு ஒருவர் எடுத்து, "உங்க பள்ளியில இத்தனை பேர் நின்னிருக்காங்களே, ஆசிரியர்கள் என்ன பண்ணாங்க?" என்று ரிவ்யூ மீட்டிங்கில் நிறுத்திக் கேட்பார். எட்டாவது பையன் நின்றதற்கு ஆசிரியரா காரணம்? வீட்டுக்குப் போய்ப் பேசிவிட்டு வருகிறோம், மறுவாரமும் வரமாட்டான். மறுபடி போகிறோம். அந்த நடை எந்தப் பதிவேட்டிலும் ஏறுவதில்லை.

இன்னொன்று. இந்த நிர்ப்பந்தத்தால் என்ன நடக்கிறது தெரியுமா? ஜனவரிக்குப் பிறகு என் வகுப்பில் நான் கணக்கு சொல்லிக்கொடுப்பதே இல்லை. 35 வாங்க வைக்கிறேன். வரைபடம், செய்முறை வடிவியல், சில ஒரு மார்க் கேள்விகள். தெரிந்த கேள்விகளையே திரும்பத் திரும்ப. 70 வாங்கக்கூடிய பெண் பின்பெஞ்சில் தானே படித்துக்கொள்கிறாள். அவளுக்கு நான் நேரம் கொடுக்கவில்லை என்பது என் மனசை அரிக்கிற விஷயம். அவள் பிளஸ் ஒன்னில் முதல் குரூப் கேட்டால் 48 மார்க்குக்குக் கொடுக்கமாட்டார்கள்.

எனவே அறிக்கை எழுதுங்கள், வரவேற்கிறேன். ஆனால் ஃபெயில்-பாஸ் மட்டும் இல்லாமல், கணக்கிலும் அறிவியலிலும் 60-க்கு மேல் எத்தனை பேர் என்று ஒரு வரி போடுங்கள். எங்களுக்கு அந்தப் பிள்ளைகளைப் பார்க்க ஓர் அனுமதி கிடைத்த மாதிரி இருக்கும்.

---

ஓய்வு_ஹெச்எம்_சேலம் எழுதியது:

டீச்சர், உங்கள் பயம் நியாயமானது. அதனால்தான் இது பள்ளியின் அறிக்கையாக இல்லாமல் மேலாண்மைக் குழுவின் அறிக்கையாக வர வேண்டும் என்கிறேன். 2009 கல்வி உரிமைச் சட்டம் சொல்லும் குழுவில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர், பாதிப் பேர் பெண்கள். ஊர்க்காரர்களே எடுத்து ஊர்க்காரர்களுக்கே சொல்லும் கணக்கு அது. நின்ற பிள்ளையைக் கூட்டி வருவது ஊரின் வேலையும்கூட என்று ஆகும்போது, உங்கள் தலையில் மட்டும் விடியாது.

---

எஸ்டேட்_பையன் எழுதியது:

நான் காபி எஸ்டேட் லைன்ல, அதாவது தொழிலாளர் குடியிருப்புல, வளர்ந்தவன். இப்ப ஓசூர்ல கம்பெனி வேலை. ஒன்னு சொல்றேன், யாரும் அறிக்கையில எழுதாத விஷயம்.

எங்க பக்கம் நவம்பர்ல பழம் சிவக்க ஆரம்பிச்சா பிப்ரவரி வரைக்கும் பறிப்பு. கிலோ கணக்குக் கூலி. வீட்ல நாலு கை இருந்தா நாலு கைக்கும் காசு. அப்பா அம்மா ரெண்டு பேரும் விடியக்காத்தால போயிருவாங்க, சின்னதுகளைப் பார்த்துக்க எட்டாவது ஒன்பதாவது படிக்கிற அக்கா வீட்ல நின்னுக்கும். சில குடும்பம் குடகுப் பக்கம் மிளகு பறிக்கப் போயிரும், போனா பொங்கலுக்குக்கூட வராது. இந்த நாலு மாசத்துக்குள்ளதான் அரையாண்டு, ரிவிஷன், சயின்ஸ் பிராக்டிகல் எல்லாமே. கீழ சேலத்துல இருக்கிற பள்ளிக்கூடத்துக்கு இந்தப் பிரச்சினை இல்ல.

வருஷ சராசரி வருகைன்னு ஒரு நம்பர் போடுவீங்க, 85, 90ன்னு அழகா இருக்கும். ஜூன், ஜூலைல எல்லாரும் வர்றதால அது மேல ஏறியிருக்கும். மாசம் மாசமாப் பிரிச்சுப் போடுங்க. டிசம்பர், ஜனவரி வருகையை மட்டும் தனியாப் போட்டாலே போதும், ஊருக்குப் புரியும். முதலாளிமாருக்கும் புரியும். எங்க எஸ்டேட்ல ஒரு காலத்துல பறிப்பு நேரத்துல பிள்ளைக் கொட்டகை ஒன்னு இருந்துச்சு, ஒரு ஆயா பார்த்துக்குவாங்க. அது இருந்த வருஷங்கள்ல எங்க அக்கா லீவே போடல. அது நின்னப்புறம் அவ ஸ்கூலும் நின்னுச்சு.

---

சிவதாபுரம்_வாசகி எழுதியது:

மலை மேல காபி, எங்க ஊர்ல கொலுசு. பேர்தான் வேற. எங்க தெருவுல வீட்டுக்கு வீடு வெள்ளிப் பட்டறை. பத்தாவது லீவுல மணி கோக்கிறேன், பத்த வைக்கிறேன்னு உட்கார்ற பையன், கையில காசு பார்த்ததும் ஜூன்ல எழுந்திரிக்க மாட்டான். அம்மாபேட்டைல தறி ஓட்டுற வீடுகள்லயும் இதே கதைதான். பாஸ் ஆனவன்தான் இவன். ஃபிளெக்ஸ்ல போட்டோ இருக்கு. ஆனா பிளஸ் ஒன் சேரல.

உங்களோடது உயர்நிலைப் பள்ளின்னு சொல்றீங்க. பத்தாவதோட முடிஞ்சிடுது. அப்ப பத்தாவது பாஸான பிள்ளை எங்க போச்சுன்னு யார் பார்க்கிறாங்க? பழைய ஸ்கூலுக்கு வேலை முடிஞ்சது, புது ஸ்கூலுக்கு இன்னும் ஆரம்பிக்கல. நடுவுல மே, ஜூன் ரெண்டு மாசம் அந்தப் பிள்ளைக்கு ஆளே இல்ல.

---

சேர்வராயன்_பெற்றோர் எழுதியது:

சிவதாபுரம் அக்கா சொன்னது நெற்றியில் அடித்த மாதிரி இருக்கிறது. எங்கள் பள்ளியில் பத்து முடித்தால் மேல்நிலைக்கு டவுனுக்குப் போக வேண்டும், இல்லையென்றால் சேலத்தில் விடுதி. காலையில் ஒரு பஸ், அதைத் தவறவிட்டால் ஜீப். அரசு கொடுக்கும் இலவச சைக்கிளும் பிளஸ் ஒன்னில்தான் வருகிறது. எங்கள் ஏற்றத்தில் அதைத் தள்ளிக்கொண்டுதான் போகலாம். பெண் பிள்ளைகளை இந்த இடத்தில்தான் வீட்டில் நிறுத்துகிறார்கள்.

"பத்தாவது முடித்தவர்கள் ஆகஸ்டில் எங்கே இருக்கிறார்கள்" என்பதைக் கட்டாயம் சேர்க்கிறேன். பிளஸ் ஒன், ஐ.டி.ஐ., பாலிடெக்னிக், வேலை, வீடு.

---

ஓய்வு_ஹெச்எம்_சேலம் எழுதியது:

அந்தக் கணக்கோடு ஒரு செய்தியையும் சேர்த்துச் சொல்லுங்கள். ஆறாவதிலிருந்து அரசுப் பள்ளியில் படித்த பெண் கல்லூரியோ டிப்ளமோவோ ஐ.டி.ஐ.யோ சேர்ந்தால் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய். 2022 செப்டம்பரிலிருந்து இருக்கிறது. பையன்களுக்கும் தமிழ்ப் புதல்வன் என்று 2024 ஆகஸ்டில் ஆரம்பித்தாயிற்று. மருத்துவத்தில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு 2020-ல் வந்தது, மறு வருஷம் பொறியியல் முதலான தொழிற்படிப்புகளுக்கும் வந்தது. பத்தாவதோடு நிற்கும் பிள்ளை இது அத்தனையையும் இழக்கிறது என்று வீட்டில் யாருக்கும் தெரிவதில்லை. பிளஸ் ஒன்னில் பொதுத்தேர்வு என்று பயந்தவர்கள் உண்டு. 2025-26 முதல் அதுவும் இல்லை.

எட்டாவதில் எழுதும் என்.எம்.எம்.எஸ். உதவித்தொகைத் தேர்வையும் மறக்க வேண்டாம். தேர்வானால் ஒன்பது முதல் பன்னிரண்டு வரை வருஷம் 12,000. ஒன்பதாவதில் ஊரகத் திறனாய்வுத் தேர்வு, மாவட்டத்துக்கு 50 பையன்கள், 50 பெண்கள். இதில் எத்தனை பேர் ஜெயித்தார்கள் என்று மட்டும் எழுதினால் பெரும்பாலான வருஷம் பூஜ்யம்தான் வரும், ஊர் சோர்ந்துவிடும். எத்தனை பேரை எழுத வைத்தோம் என்று எழுதுங்கள். எழுத வைப்பது நம் கையில் இருக்கிறது.

---

முன்னாள்_மாணவன்_பெங்களூரு எழுதியது:

நண்பர்களே, நானும் மலைப் பள்ளியில் படித்தவன்தான். எங்கள் பேட்ச் வாட்ஸ்அப் குரூப்பில் பணம் திரட்டி ஒரு ஸ்மார்ட் போர்டு வாங்கித் தரலாம் என்று பேசிக்கொண்டிருக்கிறோம். 2022-ல் அரசு ஆரம்பித்த 'நம்ம ஸ்கூல் நம்ம ஊரு பள்ளி' வழியாகவும் கொடுக்கலாம் என்றார்கள். இதை அறிக்கையில் சேர்ப்பீர்களா?

---

கணக்கு_டீச்சர் எழுதியது:

தம்பி, மனசு பெரியது, நன்றி. கொடுப்பதற்கு முன் பள்ளியில் ஒரு வார்த்தை கேளுங்கள். மழைக்காலத்தில் எங்கள் பக்கம் மூன்று நாள் கரன்ட் இருக்காது. கம்பளிச் சட்டை எட்டாவது வரைக்கும்தான் அரசு தருகிறது. ஒன்பது, பத்துப் பிள்ளைகள் டிசம்பரில் பழைய சட்டை இரண்டைப் போட்டுக்கொண்டு நடுங்கி உட்கார்ந்திருப்பார்கள். ஸ்பெஷல் கிளாஸ் முடிந்து ஆறு மணிக்கு மேல் நாலு கிலோமீட்டர் தோட்டத்துக்குள் நடந்து போகிற பிள்ளைகளுக்கு, ஜனவரி முதல் மார்ச் வரை ஒரு ஜீப் வாடகை கொடுத்தால் அதைவிடப் பெரிய உதவி கிடையாது.

---

முன்னாள்_மாணவன்_பெங்களூரு எழுதியது:

புரிந்தது டீச்சர். குரூப்பில் இன்றே போடுகிறேன். ஜீப் வாடகை எங்களால் முடியும்.

---

கொட்டச்சேடு_அம்மா எழுதியது:

நான் சொல்லச் சொல்ல என் மகள் டைப் பண்றாள்.

இந்த ஸ்கூல்ல சாயங்காலம் பெரியவங்களுக்கு எழுத்துக் கத்துக் கொடுத்தாங்க. புதிய பாரத எழுத்தறிவுத் திட்டம்னு பேரு. பதினஞ்சு வயசுக்கு மேல எழுதப் படிக்கத் தெரியாதவங்க யார் வேணா வரலாம். பாடம் சொன்னது இந்த ஊர்ப் பொண்ணுதான், டிகிரி படிச்சிட்டு வீட்ல இருந்தவ. ஆரம்பத்துல பொம்பளைங்க நிறையப் பேர் வந்தோம். பறிப்பு ஆரம்பிச்சதும் குறைஞ்சு போச்சு. கடைசிப் பரீட்சைக்கு ஒரு சில பேர்தான் இருந்தோம். நான் எழுதினேன்.

இப்ப பஸ் போர்டு படிக்கிறேன். ரேஷன் கடையில என்ன எழுதியிருக்குன்னு படிக்கிறேன். என் மகளோட ரேங்க் கார்டுல சயின்ஸ் 41னு நானே படிச்சு, "ஏன்டி குறைஞ்சது?"ன்னு கேட்டேன். அதுவரைக்கும் அவ சொல்ற மார்க்குதான் எனக்கு மார்க்கு. (இந்த வரியை எழுதமாட்டேன்னு சொன்னேன், எழுதித்தான் ஆகணும்னுட்டாங்க. மகள்.)

அறிக்கையில இந்தக் கிளாஸ் நடந்துச்சுன்னு மட்டும் எழுதாதீங்க. பறிப்பு நேரத்துல ஏன் நாங்க நின்னோம்னு எழுதுங்க. அடுத்த தடவை மார்ச்சுக்கு அப்புறம் ஆரம்பிச்சா எல்லாரும் முடிப்போம்.

---

ஓய்வு_ஹெச்எம்_சேலம் எழுதியது:

அம்மா, இத்தனை வருஷம் நான் கையெழுத்துப் போட்ட ஆண்டறிக்கைகளில் இப்படி ஒரு வரி வந்ததில்லை. "எழுத்தறிவு மையம் சிறப்பாகச் செயல்பட்டது" என்று எழுதுவோம், மேலே போகும், அவ்வளவுதான்.

பெற்றோர் சார், ஊருக்காகப் பள்ளி செய்கிற எல்லாவற்றையும் இந்த மாதிரியே பாருங்கள். பேரணி நடந்தது, முகாம் நடந்தது என்பதில் ஊருக்கு ஒன்றும் இல்லை. யார் வந்தார்கள், யார் வர முடியாமல் போனார்கள், ஏன், அடுத்த வருஷம் எந்த மாதத்தில் வைப்பது.

---

நாகலூர்க்காரன் எழுதியது:

சாதிச் சான்றிதழ் பத்தி யாருமே பேசல. மலையாளிப் பிள்ளைகளுக்கு (கேரளாக்காரங்க இல்ல, எங்க மலைப் பழங்குடி) அதுதான் பெரிய தலைவலி. எஸ்.டி. சான்றிதழ்னா தாசில்தார் கையெழுத்து பத்தாது, கோட்டாட்சியர் வரைக்கும் போகணும். அப்பா சான்றிதழ் எங்க, தாத்தா பேர்ல என்ன ஆவணம் இருக்குன்னு கேப்பாங்க. பத்தாவது பாஸ் பண்ணிட்டு ஜூன்ல ஹாஸ்டல் சீட் கேக்கும்போதுதான் எல்லாரும் ஓடுறாங்க. அதுக்குள்ள சீட் முடிஞ்சிரும்.

ஆறாவது சேர்றப்பவே யார்கிட்ட இருக்கு, யார்கிட்ட இல்லைன்னு பார்த்து, ஸ்கூல்லயே ஒரு நாள் முகாம் வைக்கச் சொல்லுங்க. அறிக்கையில "சான்றிதழ் இல்லாத பிள்ளைகள் இத்தனை பேர்"னு ஒரு கட்டம். ஆதார்ல ஒரு பேரு, ஸ்கூல்ல ஒரு பேருன்னு இருக்கிறதும் இதே மாதிரிதான். இனிஷியல் மாறியிருந்தா ஸ்காலர்ஷிப் பணமே அக்கவுண்டுக்கு வராது.

---

சேர்வராயன்_பெற்றோர் எழுதியது:

இதுவரை சேர்ந்தது இது. ஆறாவதில் சேர்ந்தவர்கள், இடையில் சேர்ந்தவர்கள், டி.சி. வாங்கிப் போனவர்கள், நின்றவர்கள், பத்தாவது எழுதியவர்கள், தேர்ச்சி பெற்றவர்கள். கணக்கிலும் அறிவியலிலும் 60-க்கு மேல். மாதவாரி வருகை, பறிப்பு மாதங்கள் தனியாக. என்.எம்.எம்.எஸ்., ஊரகத் திறனாய்வு எழுதியவர்கள். சென்ற வருஷம் பத்து முடித்தவர்கள் இப்போது எங்கே. சான்றிதழ் நிலவரம். எழுத்தறிவு வகுப்பு, அதில் பெண்கள் சொன்ன காரணம். ஜீப்.

நின்ற பிள்ளைகளின் பெயர்களைப் போட்டால் ஊரே சேர்ந்து தேடும் என்று குழுவில் ஒருவர் சொல்கிறார். போடலாமா?

---

சிவதாபுரம்_வாசகி எழுதியது:

வேண்டவே வேண்டாங்க. நின்ன பொண்ணுங்கள்ல சிலர் ஏன் நின்னாங்கன்னு உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். பதினஞ்சு வயசுல மாப்பிள்ளை பார்த்திருப்பாங்க. பேர் நோட்டீஸ் போர்டுல வந்தா அந்த வீடு கதவைச் சாத்திக்கும், அப்புறம் டீச்சர்கூட உள்ள போக முடியாது. அந்த மாதிரி தெரிஞ்சா குழந்தைகள் உதவி எண் 1098-க்குச் சொல்லணும், அது வேற வழி. ஊர்ல வாசிக்கிற தாள்ல எண்ணிக்கை மட்டும் போதும்.

---

எஸ்டேட்_பையன் எழுதியது:

எனக்கு முழுசா உடன்பாடு இல்ல அக்கா. எண்ணிக்கை மட்டும் போட்டா "ஏதோ மூணு பேரு"ன்னு கடந்து போயிருவாங்க. எங்க அக்கா பேரைச் சொல்லி நாலு பேர் வீட்டுக்கு வந்து கேட்டிருந்தா எங்க அப்பா யோசிச்சிருப்பார்.

---

சிவதாபுரம்_வாசகி எழுதியது:

நாலு பேர் வீட்டுக்கு வர்றது வேற தம்பி, நாப்பது பேர் முன்னாடி மைக்ல வாசிக்கிறது வேற. வீட்டுக்குப் போற நாலு பேர்கிட்ட பேர் இருக்கட்டும். குழுவுல இருக்கிற அம்மாக்கள் போகட்டும். உங்க அக்காவுக்கும் அதுதான் தேவைப்பட்டிருக்கும்.

---

எஸ்டேட்_பையன் எழுதியது:

சரி, அது ஒத்துக்கிறேன். பேர் குழுவோட இருக்கட்டும். ஆனா எந்தக் குக்கிராமம், எந்த எஸ்டேட் லைன்னு பிரிச்சாவது போடுங்க. எங்க பிரச்சினைன்னு தெரிஞ்சாதான் அங்க ஜீப் விட முடியும்.

---

கணக்கு_டீச்சர் எழுதியது:

ஒரு லைனில் நாலு வீடுதான் என்றால் பிரித்துப் போட்டாலும் பெயர் போட்ட மாதிரிதான். இரண்டு மூன்று ஊர்களைச் சேர்த்து, பஸ் வழித்தடப்படி பிரியுங்கள்.

---

ஓய்வு_ஹெச்எம்_சேலம் எழுதியது:

எப்போது வாசிப்பது என்று கேட்டால் என் யோசனை: ஆகஸ்ட் 15 கிராம சபை. வருஷத்துக்கு ஆறு கிராம சபை உண்டு. மே 1-ல் ரிசல்ட் வந்திருக்காது. ஆகஸ்ட் 15-க்குள் ரிசல்ட் வந்து, துணைத் தேர்வும் முடிந்து, பிளஸ் ஒன், ஐ.டி.ஐ. சேர்க்கையும் முடிந்திருக்கும். யார் சேரவில்லை என்று தெளிவாகத் தெரியும். பறிப்புக்கு இன்னும் மூன்று மாதம் இருக்கும். பிள்ளைக் கொட்டகையோ ஜீப்போ ஏற்பாடு செய்ய அவகாசமும் உண்டு. ஆண்டு விழாவில் வாசித்தால் கை தட்டுவார்கள். கிராம சபையில் வாசித்தால் தீர்மானம் போடலாம், பஞ்சாயத்து பதில் சொல்லியாக வேண்டும், பஸ் விஷயத்தைத் தீர்மானமாக எழுதி மேலே அனுப்பலாம்.

வாசிப்பது மேலாண்மைக் குழுத் தலைவராக இருக்கும் அம்மாவாகவே இருக்கட்டும்.

---

சேர்வராயன்_பெற்றோர் எழுதியது:

குழுத் தலைவர் அம்மாவிடம் பேசினேன். வாசிக்கிறேன் என்கிறார். எழுத்து பெரிதாக இருக்க வேண்டும், ஒரு பக்கத்துக்கு மேல் போகக்கூடாது, சதவீதம் வேண்டாம், "இத்தனை பேரில் இத்தனை பேர்" என்று இருக்கட்டும் என்றார். தலைமையாசிரியர் சேர்க்கைப் பதிவேட்டை எடுத்து வைத்திருக்கிறார். இந்த வெள்ளிக்கிழமை குழுக் கூட்டத்தில் உட்கார்ந்து டிக் அடிக்கப் போகிறோம். டீச்சர், கட்டங்களை ஒரு தாளில் போட்டு உங்களுக்கு அனுப்பட்டுமா? கணக்கு சரியாக வருகிறதா என்று பார்த்துச் சொல்வீர்களா?

---

கணக்கு_டீச்சர் எழுதியது:

வியாழக்கிழமைக்குள் அனுப்புங்கள், பார்த்துத் தருகிறேன். துணைத் தேர்வில் தேர்ச்சி பெற்றவர்களுக்கும் தனியாக ஒரு கட்டம் வையுங்கள். இந்த வருஷம் தேவைப்படாது, அடுத்த வருஷம் தேவைப்படலாம். ஆறாவதில் சேர்ந்தவர்களும் இடையில் சேர்ந்தவர்களும் கூட்டினால் எவ்வளவோ, அதே எண் கீழே டி.சி., நின்றவர்கள், அதே வகுப்பில் மறுபடி தங்கியவர்கள், பத்தாவது எழுதியவர்கள் எல்லாம் கூட்டினாலும் வர வேண்டும். ஒரு எண் இடித்தாலும் ஒரு பிள்ளை எங்கேயோ விட்டுப்போயிருக்கிறது என்று அர்த்தம். பதிவேட்டை மறுபடி முதலிலிருந்து பாருங்கள்.